சொல்லாதவர் சொன்ன சொல்

சொல்லையே உறவாகக் கொண்டு பத்தாண்டுகள் நடந்து வந்திருக்கும் நம் இலக்கிய வட்டம் தன் மலருக்கு ஒரு கட்டுரை கேட்டபோது, நான் ஒரு புலவரைப் பற்றியோ ஒரு காப்பியத்தைப் பற்றியோ எழுதுவேன் என்றே அன்பர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். ஆனால் நான் எழுத எடுத்துக்கொண்டது ஓர் இயற்பியல் அறிஞரின் வாழ்க்கை. அதிலும், இளமையில் எதையும் வாய்திறந்து சொல்லாதவர் என்று பெயரெடுத்த ஒருவரின் வாழ்க்கை. கவிஞர்கள் கூடும் அவையில் இவருக்கு என்ன இடம் என்னும் வினா எழுவது இயல்பே. கட்டுரை முடியும்போது அவ்வினா தானே அடங்கிவிடும் என நம்புகின்றேன்.

ஜப்பான் நாட்டின் முதல் நோபல் பரிசாளர், துகள் இயற்பியலின் முன்னோடி, ஹிடெகி யுகாவா (1907 - 1981). அணுக்கருவைச் சிதறாமல் பிணைத்து வைத்திருக்கும் விசைக்குக் காரணமாக, அதுவரை எவரும் கண்டிராத ஒரு துகள் இருந்தே ஆக வேண்டும் எனத் தாளிலும் எழுதுகோலிலும் கணித்துச் சொன்னவர். அவர் எப்போது பேசாதிருந்தார், எப்போது பேசினார் என்பதே இக்கட்டுரையின் பொருள். எழுதுகோல் பிடித்த ஒவ்வொருவரும் ஒருநாள் எதிர்கொள்ள வேண்டிய பொருளும் அதுவே.

ஒகாவா இல்லம்

1907ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், டோக்கியோ நகரில் ஒகாவா என்னும் குடும்பத்தில் ஹிடெகி பிறந்தார். தந்தையார் ஒகாவா தகுஜி நிலவியல் அறிஞர். கியோட்டோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியராக அமர்ந்ததனால், குழந்தைக்கு ஓராண்டு நிரம்பிய அளவில் குடும்பம் கியோட்டோவுக்குக் குடிபெயர்ந்தது. கோயில்களும் தோட்டங்களும் பழம்பெருமையும் நிறைந்த அந்நகரையே ஹிடெகி தம் ஊராகக் கருதினார்.

அந்த இல்லம் நூல்களால் நிறைந்தது. ஆண்மக்கள் ஐவருள் மூத்தவர் உலோகவியல் பேராசிரியரானார், அடுத்தவர் ஷிகெகி சீன வரலாற்றில் பெரும் புலமை பெற்றார், மூன்றாமவர் ஹிடெகி, நான்காமவர் தமாகி சீன இலக்கிய அறிஞராகப் புகழ் பெற்றார். கடைசித் தம்பி போருக்குச் சென்று மீளவில்லை. அறிவியலும் இலக்கியமும் ஒரே கூரையின்கீழ் ஒரே தட்டில் உண்டு வளர்ந்த வீடு அது.

ஹிடெகி பேசமாட்டார். ஏன் எதற்கு என்று கேட்டால், சொல்லமாட்டேன் என்னும் பொருள்படும் 'இவன்' என்ற வழக்குச் சொல்லே விடையாக வரும். அதனால் 'இவன்சான்' என்பது அவருக்குப் பட்டப்பெயராயிற்று. நம் மொழியில் அருகில் நிற்பவனைச் சுட்டும் சொல், அம்மொழியில் விலகி நிற்பவனின் பெயராயிற்று என்பது ஒலியின் விளையாட்டு.

பேசாத பிள்ளையைப் பெற்றோர் அறிந்துகொள்வது எளிதன்று. இவனைப் பல்கலைக்கழகம் வரை படிக்கவைப்பதா, தொழிற்கல்விக்கு அனுப்பிவிடுவதா என்று தந்தையார் ஒரு காலத்தில் ஐயுற்றார். தாயார் அதற்கு இசையவில்லை. பிள்ளைகளுள் ஒருவனை மட்டும் வேறாக நடத்துவது முறையன்று என்றார். ஹிடெகி பயின்ற நடுநிலைப் பள்ளியின் தலைவரும் அப்பையனின் கணித அறிவைத் தந்தையிடம் எடுத்துரைத்தார். ஒரு தாயின் உறுதியும் ஓர் ஆசிரியரின் கண்ணும் இல்லாதிருந்தால் அந்த வாழ்க்கை வேறு திசையில் போயிருக்கும். ஆசிரியப் பணியில் இருக்கும் நம்மில் பலர் இதனைப் படித்து ஒரு கணம் நிற்பது நல்லது. வகுப்பின் கடைசி வரிசையில் வாய்திறவாது அமர்ந்திருக்கும் மாணவர்களை நாம் எத்தனை முறை கடந்து போயிருக்கிறோம்?

பொருள் அறியா ஓதல்

பள்ளியில் சேர்வதற்கு முன்பே அவருக்கு வேறொரு பள்ளி அமைந்தது. தாய்வழிப் பாட்டனார், பழைய முறையில் சீன நூல்களைக் கற்றுத் தேர்ந்தவர், ஐந்தாறு வயதுப் பேரனைத் தம்முன் அமர்த்தி ஓதுவித்தார். கன்பூசியஸ் மரபின் நூல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பெற்றன. பாட்டனார் ஒரு கோலால் எழுத்தைச் சுட்டி ஒலிப்பார். பேரன் அவ்வொலியைத் திரும்பச் சொல்வான். பொருள் விளக்கப்படாது, கேட்கவும் கூடாது. அந்தக் கறுத்த எழுத்துகள் கடக்க முடியாத சுவரைப்போல் எதிரே நின்றதாக யுகாவா பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

நம் திண்ணைப் பள்ளிகளில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் நிகண்டும் இவ்வாறே ஓதப்பெற்றன. பொருள் அறியாது ஓதுவதால் பயன் யாது எனக் கல்வியியலார் கேட்பர். யுகாவாவின் விடை நிதானமானது. அக்கல்வி துன்பமாகவே இருந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அதன்பின் எந்த நூலைக் கண்டும் அஞ்சாத இயல்பு தமக்கு அங்கிருந்தே வந்தது என்றும் எழுதினார். பொருள் விளங்காத ஒன்றன்முன் பொறுமையோடு அமர்ந்திருக்கப் பழகியவர் அவர். அணுவின் உள்ளே புகுவோருக்கு இப்பழக்கத்தைவிடப் பெரிய கருவி வேறில்லை.

பள்ளிப் பருவத்தில் தந்தையின் நூலறையில் தாமே தேடியபோது சுவாங்சு என்னும் சீன ஞானியின் நூல் கைக்கு வந்தது. கன்பூசியஸ் மரபு ஒழுங்கைச் சொன்னது. சுவாங்சு ஒழுங்குக்கு முந்திய இயற்கையைச் சொன்னார். ஹிடெகியின் மனம் சுவாங்சுவிடம் தங்கிவிட்டது.

உயர்பள்ளியில் வடிவியல் தேர்வு ஒன்றில், ஆசிரியர் கற்பித்த வழியை விட்டுத் தம் வழியில் நிறுவியமையால் அவர் மதிப்பெண் இழந்தார். கணிதப் பேராசிரியராகும் எண்ணம் அன்றோடு அகன்றது. கியோட்டோவின் புத்தகக் கடை ஒன்றில் கண்டெடுத்த குவாண்டம் கொள்கை நூல் அவரை இயற்பியல் பக்கம் இழுத்துக்கொண்டது. அதே வகுப்பில் பயின்றவர் ஷினிசிரோ டோமோனாகா. பின்னர் 1965இல் நோபல் பரிசு பெற்ற அவரும் யுகாவாவும் இளமைமுதல் ஒருவருக்கொருவர் தோழராகவும் உரைகல்லாகவும் விளங்கினர்.

1929இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, ஊதியமில்லா உதவியாளராக அங்கேயே தங்கினார். புதிய இயற்பியல் முழுவதும் ஐரோப்பாவில் பிறந்துகொண்டிருந்த காலம் அது. கப்பலில் வரும் ஆய்விதழ்களே இவர்களுக்கு ஆசிரியர்கள்.

1932இல் ஒசாகா நகர மருத்துவர் ஒருவரின் மகளான சுமி அம்மையாரை மணந்து, அக்குடும்பத்துக்கே மகனாகத் தரப்பெற்று, யுகாவா என்னும் பெயரை ஏற்றார். நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஒரு புன்னகை எழும். ஜப்பானிய மரபில் அது குடிப்பெயரைக் காக்கும் உயர்ந்த பொறுப்பு. ஒகாவா என்றால் சிற்றாறு. யுகாவா என்றால் வெந்நீர் ஆறு. பெயரளவிலேனும் ஓர் ஆறு மற்றோர் ஆற்றில் கலந்தது.

அணுக்கருவின் புதிர்

1932இல் இங்கிலாந்தில் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தார். அணுவின் கரு, நேர்மின் கொண்ட புரோட்டான்களாலும் மின்சுமை இல்லாத நியூட்ரான்களாலும் ஆனது என்பது தெளிவாயிற்று. தெளிவோடு ஒரு புதிரும் பிறந்தது. ஒத்த மின் கொண்டவை ஒன்றையொன்று தள்ளும் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த விதி. அப்படியாயின் அத்தனை புரோட்டான்களும் அத்துணைச் சிறிய இடத்தில் எவ்வாறு நெருங்கிக் கிடக்கின்றன? மின்விலக்கத்தை வெல்லும் பேராற்றல் வாய்ந்த ஒரு விசை அங்கே இருக்க வேண்டும். அவ்விசை கருவின் எல்லையைத் தாண்டி ஒரு சிறிதும் செயற்படாததாகவும் இருக்க வேண்டும்.

அவ்வெல்லை எவ்வளவு? ஒரு சென்டிமீட்டரைப் பத்து லட்சம் கோடிக் கூறாக்கினால் அவற்றுள் ஓரிரு கூறு. அவ்வளவே.

எலெக்ட்ரானைப் புரோட்டானும் நியூட்ரானும் தமக்குள் கைமாற்றிக்கொள்வதால் இவ்விசை எழலாம் என யுகாவா முதலில் எண்ணினார். 1933இல் செண்டாய் நகரில் நடந்த கூட்டத்தில் அதனைப் படித்தார். கணக்கு நிறைவு பெறவில்லை. அடுத்த ஆண்டு இத்தாலியின் பெர்மி பீட்டாச் சிதைவுக்கு ஒரு கொள்கை வகுத்தார். எலெக்ட்ரானும் நியூட்ரினோவும் இணையாகக் கைமாறுவதால் கருவிசை பிறக்குமா என்று ரஷிய அறிஞர்கள் அதனைக்கொண்டு கணித்துப் பார்த்தனர். அவ்விசை மிக மெலிதாக இருந்தது. அவர்களது தோல்வியைப் படித்தபோதுதான் யுகாவாவின் மனத்தில் கதவு ஒன்று திறந்தது. தெரிந்த துகள்களுக்குள்ளேயே விடையைத் தேடுவது ஏன்? இவ்விசைக்கு உரிய துகள் வேறொன்றாக, இன்னும் அறியப்படாததாக ஏன் இருத்தல் கூடாது?

1934 செப்டம்பரில் பெரும்புயல் ஒன்று ஒசாகாப் பகுதியைச் சூறையாடிற்று. அம்மாத இறுதியில் அவருக்கு இரண்டாம் மகன் பிறந்தான். யுகாவாவுக்கோ உறக்கமில்லை. படுக்கையருகே குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, இரவில் தோன்றியவற்றைக் குறிப்பார். காலையில் அவை பயனற்றவையாகத் தோன்றும். அக்டோபர்த் தொடக்கத்து இரவு ஒன்றில் தோன்றிய கருத்து மட்டும் காலையிலும் வாடவில்லை. விசை எட்டும் தொலைவுக்கும் அதைச் சுமக்கும் துகளின் எடைக்கும் தலைகீழ்த் தொடர்பு உண்டு என்பதே அது.

நம் ஊரில் வீடு கட்டும் இடங்களில் செங்கல் கைமாறுவதைப் பார்த்திருப்போம். ஒருவர் எறிய மற்றவர் பிடிப்பார். செங்கல்லாயின் இருவரும் தள்ளி நிற்கலாம். கருங்கல்லாயின் நெருங்கி நின்று கையோடு கை கொடுக்க வேண்டும். கைமாறும் பொருளின் கனம் கூடக்கூட இடைவெளி குறைகிறது. மின்விசையைச் சுமக்கும் ஒளித்துகளுக்கு எடையே இல்லை. ஆதலின் அவ்விசைக்கு எல்லையும் இல்லை. கருவிசையோ மிகக் குறுகியது. ஆதலின் அதனைச் சுமக்கும் துகள் கனமானது. உவமை ஓரளவே பொருந்தும். கணக்கு முழுதும் பொருந்திற்று. எலெக்ட்ரானைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு எடை என விடை வந்தது.

ஆய்வுக்கூடத்தில் இதனைச் சொன்னார். மின்சுமை உள்ள துகளாயின் முகிற்கலத்தில் தடம் தெரிய வேண்டுமே என்று துறைத்தலைவர் கிகுச்சி வினவினார். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களில் தேடினால் தெரியலாம் என்பது யுகாவாவின் விடை. நவம்பரில் டோக்கியோவில் கணித இயற்பியல் கழகக் கூட்டத்தில் கட்டுரையைப் படித்தார். 1935இல் அக்கழக இதழில் ஆங்கிலத்தில் அது வெளிவந்தது. வெளிநாடு ஒன்றையும் அதுவரை கண்டிராத, 28 வயது நிரம்பிய இளைஞரின் கட்டுரை. உலகம் அதனைப் படித்ததாகத் தெரியவில்லை.

பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு

1937இல் ஜப்பானுக்கு வருகை தந்த நீல்ஸ் போர், புதிய துகள்களைப் படைப்பதில் யுகாவாவுக்கு அத்தனை விருப்பமா என்று கேட்டதாகச் சொல்வர். அணு இயற்பியலின் தலைமகன் ஒருவரிடமிருந்து வந்த ஐயம் அது. ஆனால் அதே காலத்தில் அமெரிக்காவில் ஆண்டர்சனும் நெடர்மையரும் காஸ்மிக் கதிர்களில் புதிய துகள் ஒன்றின் தடத்தைக் கண்டனர். எடை ஏறக்குறைய 200 எலெக்ட்ரான்கள். உலகம் திரும்பிப் பார்த்தது. யுகாவா என்னும் பெயர் கடல் கடந்தது.

புதிய துகளுக்குப் பெயர் வேண்டுமன்றோ? எலெக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடைப்பட்ட எடை உடையது என்பதனால் 'மெசோட்ரான்' எனப் பலர் அழைத்தனர். இடை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இல்லாத ஒலியை ஏன் இடையில் நுழைக்க வேண்டும், 'மெசான்' என்றால் போதாதா என 1939இல் எழுதியவர் நம் நாட்டு ஹோமி பாபா. சொல்லாராய்ச்சியில் ஈடுபட்டோர் மகிழத்தக்க செய்தி இது. அச்சொல்லே இன்று நிலைத்துள்ளது.

எனினும் மகிழ்ச்சி முழுமையாகவில்லை. கண்டறிந்த துகள் அடர்ந்த பொருள்களையும் எளிதில் ஊடுருவிச் சென்றது. கருவை இறுகப் பிணைக்கும் துகளாயின் கருவைக் கண்டதும் பற்றிக்கொள்ள வேண்டும். இதுவோ கருவைப் பொருட்படுத்தவே இல்லை. எடை பொருந்தியது, இயல்பு பொருந்தவில்லை. துகள்கள் இரண்டாக இருக்கலாம், யுகாவாவின் துகள் சிதைந்தே மற்றது பிறக்கலாம் என அவருடைய உடனுழைப்பாளர் ஷோயிச்சி சகாடாவும் நண்பர்களும் 1942இல் கூறினர். போர்க்காலம், அவர்கள் குரல் தீவுக்குள்ளேயே நின்றது.

இத்தேடலில் நம் நாட்டுப் பெண்மணி ஒருவரின் பங்கையும் குறிக்காமல் செல்ல மனம் ஒப்பவில்லை. கல்கத்தாவின் போஸ் ஆய்வு நிறுவனத்தில் டி. எம். போஸும் பிபா சௌதுரியும் ஒளிப்படத் தகடுகளை இமயச் சாரலில் டார்ஜீலிங் பகுதியின் உயரங்களில் வைத்து, காஸ்மிக் கதிர்களின் தடங்களை ஆராய்ந்தனர். 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் முடிவுகள் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன. நுண்ணிய தகடுகள் போர்க்காலத்தில் அவர்களுக்குக் கிட்டவில்லை. பணி அங்கே நின்றது. அதே வழியை மேம்பட்ட தகடுகளோடு பின்பற்றிய பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் செசில் பவலும் குழுவினரும், பிரான்சின் பிரெனே மலையிலும் பொலிவியாவின் ஆண்டிஸ் உச்சியிலும் வைத்த தகடுகளில் 1947இல் யுகாவாவின் துகளைக் கண்டனர். அது சகாடா சொன்னவாறே சிதைந்து முன்பு கண்ட துகளாயிற்று. எடை 273 எலெக்ட்ரான்கள். இன்று அதனைப் பையான் என்றும் முன்னதை மியூவான் என்றும் அழைக்கிறோம். யுகாவாவுக்கு 1949இலும் பவலுக்கு 1950இலும் நோபல் பரிசு கிடைத்தது. பிபா சௌதுரியின் பெயரோ நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. அவர் 1991இல் மறைந்தார். 2019இல் தொலைவிண்மீன் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது.

பேசாத நாள்கள்

இதுவரை சொன்னது ஒளி. இனிச் சொல்வது நிழல். புகழ்மாலையாக எழுதப்படும் வரலாறுகள் பெரும்பாலும் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடும். நான் அவ்வாறு கடக்க விரும்பவில்லை.

1939இல் கியோட்டோவில் பேராசிரியரான யுகாவா, போர் முடியும்வரை அங்கேயே பணியாற்றினார். உடனுழைத்த மிட்சுவோ தகெதானி இடதுசாரி இதழ் ஒன்றில் எழுதியமைக்காகச் சிறைப்பட்டார். பெற்றோர் இருவரும் போர்க்காலத்திலேயே மறைந்தனர். அந்நாள்களில் கடற்படையின் வேண்டுகோளின்படி, அணுப்பிளவின் ஆற்றலைப் படைக்கலமாக்க இயலுமா என்பதை ஆராயும் திட்டம் ஒன்று, பேராசிரியர் அரகட்சுவின் தலைமையில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்தது. அதன் கோட்பாட்டுப் பகுதியில் யுகாவாவும் இடம்பெற்றார். 1945ஆம் ஆண்டு அவர் எழுதிவந்த நாட்குறிப்பைக் கியோட்டோ பல்கலைக்கழகம் 2017இல் வெளியிட்டது. அத்திட்டம் குறித்த கூட்டங்கள் சுருங்கிய சொற்களில் அதில் பதிவாகியுள்ளன. போதிய யுரேனியமும் இல்லை, கருவிகளும் முற்றுப்பெறவில்லை. திட்டம் தாளளவில் நின்றது. நின்றது என்பது உண்மை. அவர் பெயர் அதில் இருந்தது என்பதும் உண்மை.

அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமா எரிந்தது. அதுபற்றி விளக்கம் கேட்டுச் செய்தித்தாள்கள் மறுநாள் யுகாவாவை நாடின. அவர் மறுத்துவிட்டார். நாட்குறிப்பில் அச்செய்தி ஒற்றை வரி. சிறுவயதில் வீட்டார் கேட்டபோது சொல்லமாட்டேன் என்ற பிள்ளை, தம் நாடு கேட்டபோதும் சொல்லவில்லை. அன்று அவரால் என்ன சொல்லியிருக்க முடியும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். தீர்ப்பு எழுதுவது எளிதன்று. அமெரிக்கர் முதலில் வகுத்த இலக்குப் பட்டியலில் அவர் வாழ்ந்த கியோட்டோவும் இருந்து, பின்னர் நீக்கப்பட்டது. இதனை உலகம் பின்னரே அறிந்தது. தம் ஊர் தப்பியதற்கு ஈடாக மற்றோர் ஊர் எரிந்தது என்னும் எண்ணம் ஒரு மனிதரை என்ன செய்யும்?

பேசிய கால் நூற்றாண்டு

போர் முடிந்தது. உணவும் தாளும் அரிதாயிருந்த 1946இல் கோட்பாட்டு இயற்பியலுக்கென ஆங்கில ஆய்விதழ் ஒன்றை யுகாவா தொடங்கினார். டோமோனாகாவின் புகழ்பெற்ற ஆய்வு உலகை எட்டியது அவ்விதழ் வழியே. 1948இல் ஓப்பன்ஹைமரின் அழைப்பை ஏற்றுப் பிரின்ஸ்டன் சென்றார். அங்கே தம்மைக் காண வந்த ஐன்ஸ்டைன், யுகாவாவின் கைகளைப் பற்றிக்கொண்டு, ஒரு பாவமும் அறியாத ஜப்பானிய மக்கள் மாண்டதற்காகக் கண்ணீர் விட்டு வருந்தினார் என்று சுமி அம்மையார் பின்னாளில் எழுதியும் கூறியும் வந்தார். மறுஆண்டு நோபல் பரிசு. தோல்வியிலும் பசியிலும் கிடந்த நாடு அச்செய்தியால் தலைநிமிர்ந்தது. 1953இல் தாயகம் திரும்பி, கியோட்டோவில் தம் பெயரால் எழுந்த மன்றத்தில் அடிப்படை இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் தலைமையை ஏற்றார்.

1954 மார்ச்சு முதல் நாள், பிக்கினித் தீவில் அமெரிக்கா நிகழ்த்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல், ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின்மீது விழுந்தது. படகில் இருந்த 23 பேரும் நோயுற்றனர். வானொலி இயக்குநர் குபோயாமா செப்டம்பரில் உயிர்நீத்தார். அந்த மார்ச்சு மாத இறுதியிலேயே யுகாவா நாளிதழில் எழுதினார். அணுவாற்றலை அடக்குவது ஒரு நாட்டின் கடமையன்று, மனித இனத்தின் கடமை என்பது அக்கட்டுரையின் கருத்து. சொல்லாதவர் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அதன்பின் அவர் நிறுத்தவில்லை. 1955 ஜூலையில் பெர்ட்ரண்டு ரசல், ஐன்ஸ்டைன் ஆகியோர் பெயரால் வெளிவந்த அறிக்கையில் கையொப்பமிட்ட பதினொருவருள் யுகாவாவும் ஒருவர். செசில் பவலும் ஒருவர். துகளைச் சொன்னவரும் துகளைக் கண்டவரும் ஒரே தாளில் கையொப்பமிட்டது, நோபல் மேடையைவிடப் பெரிய சந்திப்பு என்பது என் எண்ணம். 1957இல் கனடாவின் பக்வாஷ் சிற்றூரில் கூடிய அறிவியலாரின் முதல் மாநாட்டில் கலந்துகொண்டார். 1962இல் டோமோனாகா, சகாடா ஆகியோருடன் கியோட்டோவில் அறிவியலார் மாநாட்டைக் கூட்டினார். உலகக் கூட்டாட்சி இயக்கத்திலும் தலைமை ஏற்றார். தம் நாட்டின் அணுசக்தி ஆணையத்தில் 1956இல் உறுப்பினராக அமர்ந்து, ஆராயாமல் விரையும் போக்குக்கு உடன்படாதவராய் மறுஆண்டே விலகினார்.

1975இல் புற்றுநோய்க்கு அறுவை மருத்துவம் செய்துகொண்ட சில மாதங்களில், சக்கர நாற்காலியில் அமர்ந்து அணுப்படைக்கல ஒழிப்புக் கூட்டத்துக்கு வந்தார். 1981 ஜூனில் நடந்த அறிவியலார் மாநாட்டுக்கும் அவ்வாறே வந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 8ஆம் நாள் கியோட்டோவில் காலமானார். அகவை 74. அவர் விட்ட பணியை 2006இல் மறையும்வரை சுமி அம்மையார் தொடர்ந்தார்.

கவிதை என்னும் நூலறை

யுகாவா ஐந்தடித் தன்கா யாப்பில் பாடல்கள் புனைந்தவர். தூரிகை எழுத்தில் தேர்ந்தவர். அறிவியலையும் கவிதையையும் பற்றி எழுதியபோது, இரண்டும் புறப்படும் இடம் ஒன்றே என்னும் கருத்தை வலியுறுத்தினார். இது மேடை அலங்காரமாகச் சொன்னதன்று. அவர் ஆய்வே அதற்குச் சான்று. துகளைப் புள்ளியாகக் கொள்வதால் வரும் இடர்களை நீக்க, இடவெளியே பகுக்கவொண்ணாச் சிறு சிறு உறைவிடங்களால் ஆனதோ என முதுமையில் சிந்தித்தார். அதற்கு வித்திட்டது, உலகைத் தங்கிச்செல்லும் விடுதியாகக் கண்ட சீனக் கவிஞர் லி போவின் உரைநடைப் பகுதி ஒன்று என்பதை அவரே குறித்துள்ளார்.

சுவாங்சு சொன்ன கதை ஒன்றும் அவரை விட்டகலவில்லை. நடுநாட்டு வேந்தன் குழம்பு வடிவினன். முகத்தில் கண், காது, வாய் என எத்துளையும் இல்லாதவன். அவன் விருந்தோம்பலை மெச்சிய இரு வேந்தர்கள், நன்றிக்கடனாக நாளுக்கு ஒரு துளையாக ஏழு துளை இட்டனர். ஏழாம் நாள் அவன் இறந்தான். துகள்களுக்கெல்லாம் அடியில் பெயரும் உருவும் பெறாத ஏதோ ஒன்று உண்டு என்னும் எண்ணத்துக்கு யுகாவா இக்கதையை நாடினார். எனக்கோ அது வேறொன்றையும் நினைவூட்டுகிறது. வாய் இல்லாத வேந்தனுக்கு வாய் திறந்தால் உயிர் போகிறது. வாய் திறவாமலேயே இருந்தாலோ?

அவர் எழுதிய தன்வரலாறு 1958இல் நாளிதழில் தொடராக வந்தது. வழிப்போக்கன் என்னும் பொருள்தரும் தலைப்புடைய அந்நூல் 1934ஆம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. துகள் பிறந்த அந்த இரவுக்குப்பின் அவர் தம் கதையை நூலாகத் தொடரவில்லை. போர்க்காலமும் ஹிரோஷிமாவும் அந்நூலுக்கு வெளியே நிற்கின்றன. இம்மௌனத்தை நான் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. அவர் எழுதாது விட்ட பக்கங்களுக்குப் பிந்திய கால் நூற்றாண்டுப் பேச்சு ஒருவகை விடை என்றே கொள்கிறேன். விடை போதுமா என்பதை மாண்டவர்களே சொல்ல வேண்டும்.

அவருடைய துகளும் இன்று அடிப்படையானதன்று. குவார்க்குகளால் ஆனது என அறிவியல் கண்டுவிட்டது. ஆயினும் விசையைத் துகள் சுமக்கிறது என்னும் அவர் காட்டிய வழியிலேயே துகள் இயற்பியல் நடக்கிறது. 2012இல் ஹிக்ஸ் துகள் கண்டறியப்பெற்றபின், எலெக்ட்ரான் முதலியவற்றுக்கு எடை தரும் இணைப்பை ஆராய்வோர் அதனை யுகாவா இணைப்பு என்றே வழங்குகின்றனர்.

ஹிரோஷிமாவின் அமைதிப் பூங்காவில், இளம்பெண்ணும் மான்கன்றுமாக அமைந்த சிலை ஒன்றன் பீடத்தில் யுகாவாவின் பாடல் பொறிக்கப்பெற்றுள்ளது. தீமையின் தெய்வத்தை அவ்விடம் விட்டு விலக்கும் பாடல் அது. அங்கிருந்து சற்றுத் தொலைவில் குழந்தைகளின் நினைவுச்சின்னம். கதிர்வீச்சால் நோயுற்று, காகிதக் கொக்குகள் மடித்தவாறே 1955இல் மறைந்த சடாகோ என்னும் சிறுமியை முன்னிட்டு எழுந்தது. அதன் உள்ளே தொங்கவிட ஒரு மணியை யுகாவா வழங்கினார். பழங்கால வெண்கல மணியின் வடிவம். அதன் இருபுறமும் அவர் கையெழுத்து. கீழே ஒரு பொற்கொக்கு. மூல மணி இப்போது அருங்காட்சியகத்தில் காக்கப்பெற, அதன் படிமணி அங்கே தொங்குகிறது.

மணிக்கு உள்ளே தொங்குவதை நாம் நா என்கிறோம். அசைக்காதவரை அது பேசாது. பேசாதது நாவில்லாததாகாது. யுகாவாவின் நா அசையச் சில ஆண்டுகள் ஆயின; அசைந்தபின் ஓயவில்லை. பத்தாண்டு நிறைந்த நம் வட்டத்தில் நாவுக்குப் பஞ்சமில்லை. எதற்காக அதனை அசைக்கிறோம் என்பதை அடுத்த பத்தாண்டுகள் சொல்லட்டும்.